கை நீட்டியவருக்கு ஒரு கரண்டி

வானத்தை நெஞ்சுக்குள் ஏந்தியிருப்பவர்களே! மேடையில் வீற்றிருக்கும் வட்டாரத் தலைவர் அவர்களே! வானவழி என்னும் நம் சொந்தோக்யோ நெறியின் பெரியோர்களே! பக்கத்துத் தெருத் தேவாலயத்திலிருந்து அழைக்காமலே வந்திருக்கும் போதகர் ஐயா அவர்களே! கடையைச் சாத்திவிட்டு வந்திருக்கும் ஜங்ஹுங் சந்தை வியாபாரிகளே! தாயை இழந்து, முன்வரிசையில் மனைவி மக்களோடு அமர்ந்திருக்கும் வி மன்சு அவர்களே! உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன்.

நம் நெறித்தோழர், தாக் புன்ரே அம்மையார், கடந்த செவ்வாயன்று மூலத்துக்குத் திரும்பினார். இறந்தார் என்று நாம் சொல்வதில்லை, திரும்பினார் என்றுதான் சொல்கிறோம். இந்த வார்த்தையை நூறு வீட்டு முற்றத்தில் நின்று நான் தடங்கலில்லாமல் சொல்லியிருக்கிறேன். இன்று தாளில் எழுதி வைத்துப் படித்தேன்.

நான் மா ஜொங்காப். முப்பத்தைந்து ஆண்டுகளாக இந்த மன்றத்தில் அரிசிப் பை வாங்கி வைப்பவன். புகழ்ந்து பேச எனக்கு வாய் நீளம், அது உங்களுக்கே தெரியும். ஆனால் தாம் இருக்கும்வரை வெளியே சொல்லக்கூடாது என்று அம்மையார் என்னிடம் ஒரு வாக்கு வாங்கியிருந்தார். அதை இன்று அவிழ்க்கப் போகிறேன். அதோ, மன்சு பேச்சுக் கற்ற நாள் முதல் என்னைச் சித்தப்பா என்று அழைக்கிறான். இதைக் கேட்ட பிறகும் அழைப்பானா? தெரியவில்லை ஐயா.

சோயா முளை விற்றவர் அவர். கறுப்புத் துணி போட்டு மூடிய பானைகள் ஒன்பது. வேளை தவறாமல் தண்ணீர் ஊற்ற வேண்டும். வெளியே புறப்பட்டால் "வானமே, சந்தைக்குப் போயிட்டு வரேன்", திரும்பினால் "வானமே, வந்துட்டேன்". நாமும்தான் சொல்கிறோம், ஆனால் மனத்துக்குள் முணுமுணுத்துவிட்டு ஓடுகிறோம். அவரோ தெருவுக்கே கேட்கச் சொல்வார். "அண்ணி, வானத்துக்குக் காது மந்தமா?" என்று கேட்டேன். "வானத்துக்கு இல்ல தம்பி, எனக்குத்தான் மறதி. சத்தமாச் சொன்னாத்தான் நான் சொன்னது எனக்கே நிக்குது" என்றார்.

அப்பப்பா, அந்த வாய்! ஒரு ஞாயிறு, இதே மேடையில், நம் நெறியின் இரண்டாம் குருவின் கதையைச் சொன்னேன். ஒரு வீட்டில் மருமகள் தறி நெய்யும் ஓசை கேட்டது, அங்கே நெய்வது வானம்தான் என்றார் குரு. உருக உருகச் சொன்னேன், இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வீட்டுக்குப் போனேன். சூப் ஆறிக் கிடந்தது. மனைவியைப் பார்த்துக் கத்திவிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் அம்மையாரின் வீடு, அங்கிருந்து அவர் குரல்: "ஏன் தம்பி, பொம்பளை வானமா இருக்கறது ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு மட்டும்தானா? மத்த நாள்ல என்னவாம்?" என் மனைவி சிரித்த சிரிப்பு இருக்கிறதே! அன்றிலிருந்து சூப்பை நானே சுடவைத்துக்கொள்கிறேன்.

தோழர்களே! இது என்ன நெறி? முதல் குரு தம் வீட்டு அடிமைப் பெண்கள் இருவரை விடுவித்து, ஒருத்தியை மகளாக்கிக்கொண்டார், ஒருத்தியை மருமகளாக்கிக்கொண்டார். ஒவ்வொருவருக்குள்ளும் வானம் இருக்கிறது என்று சொன்னதற்கு அவர் தலையை வெட்டினார்கள். இரண்டாம் குரு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு மூட்டையோடு மலைமலையாய் ஒளிந்து திரிந்தார். நம் முன்னோர் கொடுங்கோலை எதிர்த்து மூங்கில் ஈட்டியோடு இந்த ஊர் வயல்களில் விழுந்தார்கள். அந்நிய ஆட்சி வந்தபோது மன்றத்துக்கு நாம் எடுத்து வைக்கும் கரண்டி அரிசிக்கே தடை போட்டார்கள். அப்போதும் பெயர் எழுதாமல் அரிசிப் பைகள் வந்தன. இத்தனையும் எதற்காக? எதிரே நிற்பவனை வானமாக நடத்து என்ற ஒரு சொல்லுக்காக! அந்தச் சொல்லை என் வீடு காப்பாற்றியதா? இல்லை. சொல்கிறேன்.

ஐம்பதாம் ஆண்டு, போர்க்காலம், இலையுதிர் மாதம். எங்கள் பம்கோல் ஊருக்குத் துப்பாக்கிக்காரர்கள் வந்தார்கள். எந்தப் பக்கத்தவர் என்று கேட்காதீர்கள், அப்போது எங்களுக்கே தெரியாது. ஆண்களைக் களத்தில் வரிசையாக நிறுத்தி, ஊர்த்தலைவரைப் பார்த்துக் கேட்டார்கள்: "மலையில ஒளிஞ்சிருக்கறவனுங்களுக்குச் சோறு குடுத்தவன் எவன்? காட்டு!"

கொடுத்தவன் நான். பத்தொன்பது வயது, பசி என்று வந்தார்கள், உருண்டை பிடித்துக் கொடுத்தேன். ஊர்த்தலைவர் என் அப்பா, மா பில்சு. இந்த மன்றத்தில் என்னை மடியில் வைத்துக்கொண்டு மந்திரம் சொன்னவர். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு என் பக்கத்தில் நின்றவரை நோக்கிக் கையை நீட்டினார்.

அவர் வி தேசோக், புன்ரே அம்மையாரின் கணவர். மன்சு, உன் தந்தை. நீ அப்போது ஏழு மாதம், உன் தாய் வயிற்றில். சோறு கொடுத்தது நான்தான் என்று உன் தந்தைக்குத் தெரியும். "நானில்ல, இவன்தான்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லையப்பா. குனிந்து ரப்பர் செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டு அவர்களோடு நடந்தார். திரும்பி வரவே இல்லை.

நான் வாய் திறந்தேனா? திறக்கவில்லை. அப்பா இருபது ஆண்டுகள் இருந்தார். மன்ற வாசல்வரை வருவார், உள்ளே காலெடுத்து வைக்காமல் திரும்பிவிடுவார். அவர் போனது எழுபதில்.

அம்மையார் என்ன செய்தார்? உடலும் இல்லை, இறந்த நாளும் தெரியாது. படையல் போடக் கேட்டபோது வி குலத்துப் பெரியவர் ஒருவர், "தேதியே இல்லாதவனுக்கு எந்த நாள்லம்மா படைக்கிறது? வருஷம் முழுக்கவா?" என்று எரிந்து விழுந்தார். "ஆமாங்க, வருஷம் முழுக்கத்தான்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தார் இவர். ஊரெல்லாம் படையலைச் சுவரை நோக்கி வைக்கும். நம் இரண்டாம் குரு அதை நம்மை நோக்கித் திருப்பி வைக்கச் சொன்னார். போனவர் சுவரில் இல்லை, நமக்குள் இருக்கிறார். அம்மையார் ஒரு கிண்ணம் தெளிந்த நீரைத் தம் எதிரே வைத்துக்கொண்டார். பிறகு கரண்டியை எடுத்தார்.

சந்தைக்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் வீடுகளில் ஒவ்வொரு வேளையும் உலையில் அரிசி போடுமுன், வீட்டில் உள்ள ஆளுக்கு ஒரு கரண்டி எடுத்து, அவரை நினைத்து வேண்டிக்கொண்டு, தனிச் சட்டியில் போடுவோம். மாதக் கடைசியில் அது பையாக மன்றத்துக்கு வரும். அம்மையார் வீட்டில் அவரும் மன்சுவும்தான். பையோ மூன்று பேர் கனம். மூன்றாவது யாருக்கு என்று எல்லோருக்கும் தெரியும், கேட்க மாட்டோம்.

எழுபதில் பார்க்கிறேன், பை நான்கு பேர் கனம் கனக்கிறது. எனக்கிருந்த அறிவைப் பாருங்கள்! வழிபாடு முடிந்து எல்லோரும் இருக்கும்போதே சொன்னேன்: "அண்ணி, வீட்டுல இருக்கறது ரெண்டு பேரு. தப்பா அளந்துட்டீங்க போல!"

"இருபது வருஷமா முளை அளந்து விக்கிறேன். எனக்கு அளவு சொல்லித் தர வந்துட்டாரு பெரிய மனுஷன்!" கூட்டமே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனாலும் விட்டேனா? ஏழைப் பெண், பாவம், கணக்குத் தெரியாமல் கொட்டுகிறார் என்று, கூடுதல் அரிசியைக் கட்டிக்கொண்டு மறுநாள் மதியம் திருப்பிக் கொடுக்கப் போனேன். எவனாவது இப்படிச் செய்வானா? நான் செய்தேன்.

அடுப்படி கதவு திறந்திருந்தது. வழக்கம்போலத் தெருவுக்குக் கேட்கும் குரல். "இது என் மவனுக்கு. இது எனக்கு. இது வராமப் போன மனுசனுக்கு." கரண்டி மறுபடியும் அரிசிக்குள் இறங்கும் சத்தம். அப்புறம், "இது, கை நீட்டின மனுசனுக்கு."

மூட்டையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவர் திரும்பிப் பார்த்தார், திட்டவில்லை. "கேட்டுட்டியா? சரி, உள்ள வா. அழறதுன்னா கதவைச் சாத்திட்டு அழு."

"அண்ணி, சோறு குடுத்தது நான்..."

"தெரியும். நீ சோறு குடுத்த அன்னிக்கே உங்கண்ணன் வீட்டுக்கு வந்து சொன்னாரு. பய பசிக்குன்னு குடுத்துட்டான், நல்ல பயன்னு சொன்னாரு."

"எங்கப்பாவுக்கு எதுக்கு அண்ணி அரிசி?"

அவருக்குக் கோபம் வந்தது. "எதுக்கா? இருபது வருஷம் அந்த ஆளை மண்ணள்ளித் தூத்தினேன். அவரு செத்த அன்னிக்கு நிம்மதியாச் சாப்பிடலாம்னு உட்கார்ந்தேன், சோறு எறங்கல. எல்லாருக்குள்ளயும் வானம்னு வாய் கிழியச் சொல்றோமே, அந்தக் கைக்குள்ள இல்லாமப் போச்சா? மொத நாள் ஒரு கரண்டி எடுத்தேன். மனசு ஒப்பல, திருப்பிக் கொட்டிட்டேன். ரெண்டாம் நாளும் கொட்டிட்டேன். எட்டாம் நாள்தான் சட்டியில விழுந்துச்சு. இன்னும் பேர் சொல்ல வாய் வரல. அதான் கை நீட்டின மனுசன்னு சொல்றேன். வர்றப்ப வரட்டும்."

பிறகுதான் அந்த வாக்கை வாங்கினார். "நான் இருக்கற வரைக்கும் வெளிய மூச்சு விடாத. என் மவன் உன்னைச் சித்தப்பாங்கறான். அவனுக்கு அப்பாதான் இல்ல, சித்தப்பாவாவது இருக்கட்டும்."

தோழர்களே, இன்னொன்றையும் சொல்லாமல் இறங்கினால் நான் மனிதனே இல்லை. அதைக் கேட்டது எழுபதில். அதன் பிறகு இருபத்தெட்டு ஆண்டுகள் எல்லோர் பையையும் நிறுத்து வாங்கி வைத்தவன் நான். என் வீட்டில் இன்று ஐந்து பேர், பையிலும் ஐந்து கரண்டிதான். எனக்குப் பதிலாக நடந்து போன மனிதருக்கு என் வீட்டில் ஒரு கரண்டி விழுந்ததில்லை. ஏன்? போட்டால் மனைவி யாருக்கு என்று கேட்பாள், அந்தப் பயம்தான். மன்சு, என் அப்பாவை மன்னிக்க உன் தாய்க்கு எட்டு நாள் ஆயிற்று. உனக்கு எத்தனை நாள் ஆனாலும் ஆகட்டும். மன்னிக்காமலே போனாலும் அது உன் உரிமை.

என்ன மன்சு? எழுந்துவிட்டான். சொல்லப்பா. ஒலிபெருக்கி வேண்டாம், எனக்குக் கேட்கிறது.

பின்வரிசைக்குக் கேட்கவில்லையாம். அவன் சொன்னதை அப்படியே சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள். "சித்தப்பா, அம்மா வேளாவேளைக்குச் சத்தம் போட்டுத்தானே அரிசி எடுப்பாங்க, எனக்குக் காது இல்லையா? பத்தொம்பது வயசுலேயே கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். கடைசி பத்து வருஷம் அம்மா கை நீட்டின மனுசன்னு சொல்லல. மா பில்சுக்குன்னு பேர் சொல்லித்தான் போட்டாங்க. கை எழும்பாமப் போனப்புறம் நான்தான் போடறேன். இன்னிக்குக் காலையிலயும் போட்டுட்டுத்தான் வந்தேன்."

சித்தப்பா என்றான். கேட்டீர்களா? எல்லோரும் கேட்டீர்களா?

புன்ரே அம்மையாரே! அண்ணியே! பெரிய உறுதிமொழி எடுக்க எனக்குத் தகுதியில்லை. நாளைக் காலை அடுப்படிக்கு நானே போவேன். கரண்டி எங்கே இருக்கிறது என்று மனைவியிடம் கேட்பேன், யாருக்கு என்று அவள் கேட்டால் சொல்வேன். ஐவருக்கு ஐந்து. ஆறாவது உங்களுக்கு. ஏழாவது என் அப்பாவுக்கு, அதை இத்தனை நாள் அடுத்த வீட்டிலிருந்து நீங்கள்தான் போட்டுக்கொண்டிருந்தீர்கள். எட்டாவது வி தேசோக் அண்ணனுக்கு, தெருவுக்கே கேட்கும்படி பெயர் சொல்லி.

இப்போது எல்லோரும் கண்ணை மூடி வானத்திடம் சொல்வோம். அதற்கு முன் ஒரே ஒரு வேண்டுகோள். எனக்குப் பிறகு பை வாங்கி வைக்கப் போகிறவர் யாரோ, அவருக்குச் சொல்கிறேன். என் வீட்டுப் பை இனிக் கனமாக இருக்கும். தப்பாக அளந்துவிட்டேன் என்று திருப்பிக் கொண்டு வந்துவிடாதீர்கள்.