அபிராமபுரத்துப் பழைய வண்டி

பேய் என்றால் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது? இது பட்டப்பகலில் நடந்தது. உச்சி வேளை. ஞாயிற்றுக்கிழமை. அபிராமபுரத்தில் ஒரு குறுக்குத் தெரு... இரண்டு பக்கமும் தூங்குமூஞ்சி மரம், மூடிய கேட்டுகள். ஒரு நாய்கூட இல்லை. கரண்ட் வருகிறவரை இந்த மொட்டை மாடியில்தானே கிடக்கப் போகிறோம், கிட்டே வந்து உட்காருங்கள். அன்வர் பாஷா, அந்த செல்போன் வெளிச்சத்தை அணை.

நடந்தது யாரோ எவருக்கோ இல்லை. இதோ, சுவரில் சாய்ந்துகொண்டு வாயே திறக்காமல் இருக்கிறானே ஸ்ரீஹரி... இவனுடைய சித்தப்பாவுக்கு. பேர் பொன்ராஜ். தி. நகரில் பாத்திரக் கடை. வீடு கொட்டிவாக்கத்தில்.

சித்தி முத்துலட்சுமிக்கு அப்போது நிறைமாதம். கல்யாணமாகி எத்தனையோ வருடம் கழித்துத் தரித்த பிள்ளை. நேரங்கெட்ட நேரத்தில் வலி எடுத்தால் ஆட்டோவை நம்ப முடியுமா? கார் வாங்கியே ஆக வேண்டும். பெட்ரோலிலும் ஓடும், பிளக்கைச் சொருகி சார்ஜ் போட்டால் கரண்டிலும் ஓடும், அந்த மாதிரி வண்டிதான் வேண்டும் என்று பொன்ராஜுக்குப் பிடிவாதம். கடைக்குக் கரண்டு, ஊருக்குப் பெட்ரோல். அதுவரை சரி. புதுசா பழசா? அங்கேதான் சண்டை. புதுசு கைக்கு வர மாசக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பிள்ளை காத்திருக்குமா?

"பழசுன்னா என்ன இப்போ? நம்ம கடைக்கு வர்ற பழைய பாத்திரத்தை விளக்கி வெச்சா பளபளன்னு ஆயிடுதில்ல?"

"எவ்வளவு விளக்கினாலும் வெட்டின பேரு போகுதாங்க? யாரோ ஒருத்தர் பேரு அதுல இருந்துகிட்டேதானே இருக்கு? அதுல என் பிள்ளையை ஏத்தவா?"

மனுஷன் கேட்கவில்லை. புரோக்கர் ஆரோக்கியராஜ் போன் செய்தான்.

"சூப்பர் வண்டி சார். சிங்கிள் ஓனர். அவுரு வூட்லயே கீது. நீ நேரா போய்ப் பாரு, நான் பின்னாலயே வந்துக்கினே கீறேன்."

போனார். மஞ்சள் கேட், பாதி திறந்து கிடந்தது. போர்ட்டிகோவில் சாம்பல் நிற வண்டி. சுவரிலிருந்து ஒரு ஒயர் வந்து அதன் விலாவில் சொருகியிருந்தது. பக்கத்தில் ஒரு பெரியவர், இப்போதுதான் குளித்தவர் மாதிரி ஈர வேட்டியோடு. சொட்... சொட்... என்று சத்தம் கேட்டது. தரையைப் பார்த்தால் ஈரமே இல்லை.

"வாங்கோ. ஆத்துல எல்லாரும் கெளம்பிப் போயிட்டா. நீங்க ஓட்டிப் பாருங்கோ" என்று ஒயரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டார்.

கூடத்துக் கதவு திறந்திருந்தது. உள்ளே வெறுந்தரையில், நட்ட நடுப்பகலில், ஒற்றை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நல்லெண்ணெய் வாசனை வாசல்வரை வந்தது. இதைப் பார்த்தால் உங்களுக்கு என்ன தோன்றும்? பொன்ராஜுக்குத் தோன்றவில்லை. கண் முழுக்க வண்டியில். செருப்பைக் கழற்றி வண்டிக்குள் காலடியில் போட்டார், சீட்டில் உட்கார்ந்தார், வாய்ப் பழக்கத்தில் சொன்னார்.

"ஒரு ரவுண்டு போயிட்டு வரேன் சார்."

"வாங்கோ... காத்துண்டிருக்கேன்."

சாவு வீட்டிலிருந்து புறப்படும்போது யாராவது போயிட்டு வரேன் என்று சொல்வார்களா? சொல்லாமல் கொள்ளாமல்தானே இறங்குவோம்? சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். பொன்ராஜ் சொல்லிவிட்டார்.

வண்டி நகர்ந்தது. சத்தமே இல்லை. கரண்டில் ஓடுகிற வண்டி அப்படித்தான் ஓடும் என்று அவருக்கு ஒரே குஷி. தெருக்கோடியில் வலது பக்கம் திரும்பினார், மெயின் ரோடு வரவேண்டும். வந்தது... அதே தூங்குமூஞ்சி மரம், அதே மஞ்சள் கேட். கேட்டில் பெரியவர், கையில் ஒயர்.

"வந்துட்டேளா?"

கண்ணாடி ஏற்றியிருந்தது. ஆனால் குரல் காதோரத்தில் கேட்டது.

ஏதோ ஞாபகத்தில் சுற்றி வந்துவிட்டோம் என்று இடது பக்கம் திரும்பிப் பார்த்தார். மஞ்சள் கேட். ரிவர்ஸ் எடுத்துப் பார்த்தார். மஞ்சள் கேட். சார்ஜ் இறங்கிக்கொண்டே வந்தது. இந்நேரம் பெட்ரோல் எஞ்சின் உறுமியிருக்க வேண்டும்... உறுமவில்லை. ஏசி நின்றது. கதவை இழுத்தார், திறக்கவில்லை. கண்ணாடி இறங்கவில்லை. உள்ளே புழுக்கம்... நல்லெண்ணெய் வாசனை... பின் சீட்டில் சொட்... சொட்...

போன் அடித்தது. சித்தி.

"என்னங்க... வலி வந்துடுச்சு. எங்க இருக்கீங்க?"

பதில் சொல்வதற்குள் கட்டாகிவிட்டது. அந்த மனுஷன் கண்ணாடியைக் குத்தினார், உதைத்தார், கடைசியில் ஸ்டியரிங்கில் முட்டிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். பெரியவர் கேட்டில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சார், என் பொண்டாட்டி தனியாக் கெடக்கா. விட்டுடுங்க சார். எனக்கு வண்டியும் வேணாம், ஒண்ணும் வேணாம். நான் போறேன்... போறேன் சார்!"

நம் வீட்டில் யாராவது வாசலில் நின்று போறேன் என்றால் வாயிலேயே போடுவார்கள், இல்லையா? அந்த வார்த்தைக்குத்தான் கதவு திறந்தது. டக்.

வெறுங்காலோடு ஓடினார். மெயின் ரோடு இருந்தது, பஸ் இருந்தது, ஜனம் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது, பக்கத்து வீட்டு கமர் ஜஹான் அக்கா சித்தியைக் கொண்டுவந்து சேர்த்திருந்தார். பெண் குழந்தை. அதைக் கையில் வாங்கும்போது ஆரோக்கியராஜ் போன்.

"இன்னா சார், நீ வரவே இல்லியா? வூடு பூட்டிக் கீது. ஓனர் சந்திரமௌலி போன வாரமே தவறிட்டாராம் சார், எனக்கே இப்பத்தான் தெரியும். வண்டியும் பூட்டித்தான் கீது... ஆனா உள்ள யாரோட செருப்போ கெடக்குது சார்."

பிள்ளை பெற்ற உடம்பு, பயந்துவிடுவாள் என்று சித்தியிடம் அவர் மூச்சு விடவில்லை. புது வண்டிக்கே பணம் கட்டினார். தான் சொன்னதுதான் நடந்தது என்று சித்திக்குப் பெருமை. ஆனால் அன்றிலிருந்து பொன்ராஜ் எந்த வீட்டிலும் வரேன் என்று சொன்னதில்லை. விருந்து சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் எழுந்து போவார். "மனுஷங்ககிட்ட சொல்லிட்டுக் கெளம்பத் தெரியாதா உங்களுக்கு?" என்று சித்தி திட்டுவாள். திட்டட்டும் என்று இருந்தார்.

குழந்தை தவழ ஆரம்பித்த பிறகு வண்டி வந்தது. மயிலாப்பூரில் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, நல்லபடியாகத்தான் திரும்பினார்கள். வழியில் மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்டிருந்தான். போலீஸ்காரர் கையைக் காட்டி உள்ளே திருப்பி விட்டார். அதே தூங்குமூஞ்சி மரங்கள்... பொன்ராஜ் பக்கவாட்டில் பார்க்கவே இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு, முன்னால் ஊர்ந்த வண்டியின் பின்புறத்தையே பார்த்தபடி ஓட்டினார். தெருக்கோடிவரை வந்துவிட்டார். அப்பாடா என்றிருந்தது.

பின் சீட்டில் குழந்தையோடு உட்கார்ந்திருந்த சித்தி கண்ணாடியை ஏற்றிக்கொண்டே கேட்டாள்.

"யாருங்க அந்தப் பெரியவர்? கையில ஒயரை வெச்சுகிட்டு, எப்போ வரேள்னு கேட்டார். உங்களுக்குத் தெரிஞ்சவர் போலன்னு, இன்னொரு நாள் குடும்பத்தோட வரோம் ஐயான்னு சொல்லிட்டேன்."

பொன்ராஜ் வலது பக்கம் திரும்பினார். மஞ்சள் கேட். இந்தத் தடவை முழுசாகத் திறந்திருந்தது.

அதற்கு மேல் சித்தப்பா யாரிடமும் சொன்னதில்லை. கொட்டிவாக்கம் வீட்டைக் காலி செய்துவிட்டார்கள் என்று தெரியும். இப்போது அபிராமபுரத்தில் இருக்கிறார்கள். எந்த வீடு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கதை முடிந்தது என்று நினைத்தேன். அப்போதுதான் ஸ்ரீஹரி வாயைத் திறந்தான்.

"நேத்து சித்தப்பா போன் பண்ணாரு. பேசுறப்போ சொட்டு சொட்டா ஏதோ சத்தம் கேட்டுக்கினே இருந்துச்சு... வூட்டுக்கு ஒரு தபா வந்துட்டுப் போடான்னாரு."

அன்வர் பாஷா அவன் கையைப் பிடித்தான். "நீ இன்னா சொன்ன மச்சி?"

"வரேன்னு சொல்லிட்டேன்."