சோலாவுக்கு அடுத்த பெயர்

தண்ணீர் கொடுத்ததற்கு நன்றி, இன்ஸ்பெக்டர் ஐயா. வெந்நீராக இருந்தால் இன்னும் நல்லது. கத்திப் பிழைக்கிறவன் நான். குளிர்ந்த தண்ணீர் என் தொண்டைக்கு ஆகாது. ஆனாலும் பரவாயில்லை, இனிமேல் தொண்டையைக் காப்பாற்றி என்ன செய்யப்போகிறேன்.

என் பெயர் மபியாலா. லிபோட்டா இசைக்குழுவில் கூவுகிறவன். உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை, இளமையில் நீங்கள் ஆடாத பார் மடோங்கே பேட்டையில் கிடையாது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனால் எழுதிக்கொண்டிருக்கும் இவர் ஜெபசபைக்காரர் போலத் தெரிகிறது. அவருக்காகச் சொல்கிறேன்.

எங்கள் பாட்டு மெதுவாகத்தான் தொடங்கும். பாடகி காதலைப் பற்றி, துரோகத்தைப் பற்றிப் பாடுவாள். பாதியில் பாட்டு நின்றுவிடும், கிட்டார்கள் ஓட ஆரம்பிக்கும், உட்கார்ந்திருப்பவர்கள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுவார்கள். அங்கேதான் என் வேலை. காலியான கொசு மருந்து டப்பாவில் ஆணியால் ஓட்டை போட்டு, உள்ளே மணிகளைப் போட்டு வைத்திருப்பேன். அதைக் குலுக்கிக்கொண்டே எந்தக் காலை எங்கே வைக்க வேண்டும் என்று கூவுவேன். பெயர்களைக் கூவுவேன். தன் பெயரைப் பாட்டில் கேட்பதற்காக வீட்டை விற்கிறவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள்.

ஆட்டம் உச்சத்தில் இருக்கும்போது டிரம் சட்டென்று நிற்கும். என் டப்பா மட்டும் குலுங்கும். அந்த இடத்தில் குழுவில் இறந்துபோனவர்களின் பெயரைக் கூவுவோம். உயிரோடு இருக்கிறவர் பெயர் அங்கே விழக் கூடாது. அப்படிச் சட்டம் எதுவும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எந்தக் குழுவும் மீறியதில்லை. எங்களுக்கு அங்கே இரண்டு பெயர்கள் இருந்தன. பேஸ் கிட்டார் வாசித்த கடிமா, அடுத்து டிரம் வாசித்த சோலா.

சோலா எப்படிச் செத்தான் என்று உங்களுக்குத் தெரியும். மின்சாரம் போன இரவில், வெளியே வைத்தால் திருடிவிடுவார்கள் என்று ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளேயே ஓட்டிவிட்டுத் தூங்கினான். புகை ஆளைத் தின்றுவிட்டது. இந்த ஊரில் பாதிப்பேர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். ஜெனரேட்டர் போனால் வேறு வாங்க முடியாது என்று பயம். விடியும் வரை மூச்சு இருந்திருக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். நான்தான் அவனைக் குளிப்பாட்டினேன். முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை. வாரம் ஐந்து இரவு டிரம் அடித்தவன் கடைசியில் நன்றாகத் தூங்கிவிட்டான் என்று நினைத்தேன்.

பிலோண்டாவைப் பற்றிக் கேட்கிறீர்கள். அவள் ம்புஜிமாயிலிருந்து ஒரு பெட்டியோடு வந்தவள். வைரம் தோண்டுகிற ஊரிலிருந்து வந்தும் கழுத்தில் ஒரு கண்ணாடி மணிகூட இல்லை. முதலில் எங்களுக்குப் பின்னால் நின்று ஆடினாள். ஒருநாள் பாடகனுக்குக் காய்ச்சல் என்று மைக்கைக் கொடுத்தார்கள். அவன் குணமாகி வந்தபோது மைக் திரும்பக் கிடைக்கவில்லை. என்னைவிட இரண்டு வயது சின்னவள்தான். ஆனாலும் எல்லோரும் அக்கா என்று கூப்பிட்டதால் நானும் அக்கா என்றே கூப்பிட்டேன்.

அவளை அவளாக்கியது ‘கருவாடு அலசு’ நடனம். சந்தையில் உப்புக் கருவாடு அலசுகிற ஒரு பெண்ணின் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். இடுப்பு ஒரு பக்கம் போனது, கை ஒரு பக்கம் போனது, தலை மட்டும் அசையவில்லை. அன்று இரவே மேடையில் கூவினேன்: அலசு, அலசு, உப்பு போகட்டும், தலை நிற்கட்டும். பிலோண்டா திரும்பிப் பார்த்தாள், சிரித்தாள், ஆடிக் காட்டினாள். அடுத்த மாதம் மந்திரிகள் அலசினார்கள். துக்க வீட்டில் அலசினார்கள். பிரஸ்ஸல்ஸில் எங்களைப் பார்க்க வந்த கூட்டம் தெருவரைக்கும் நின்று அலசியது.

கேசட் உறையில் அவள் படம் இருந்தது, அவள் பெயர் இருந்தது. கூவுகிறவனின் பெயரை உறையில் போடுகிற பழக்கம் இல்லை. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. கேட்டீர்கள் என்பதால் சொல்கிறேன்.

பிறகு காலம் போனது. சின்னப் பையன்களின் குழுக்கள் வந்தன. எங்களைக் கூப்பிடுகிறவர்கள் குறைந்தார்கள், ஆனால் பாரில் வாசிக்கும் இரவுகள் குறையவில்லை. அவள் முழங்கால் வீங்கியது. மேடைக்குப் பின்னால் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

“என் இடுப்பு எனக்குச் சொந்தமில்லடா மபியாலா” என்பாள். “அது ஊருக்குச் சொந்தம். வலி மட்டுந்தான் என்னுது.”

“இன்னும் ஒரு கேசட் போட்டுட்டு உக்காந்துக்கலாம் அக்கா.”

“இதையேதான் நீ மூணு கேசட்டா சொல்ற.”

முழங்காலுக்கு ஜெபம் செய்கிறார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரி அவளை ஒரு சபைக்கு அழைத்துப் போனாள். வலி குறைந்ததா என்று எனக்குத் தெரியாது. அழுதுகொண்டு திரும்பி வந்தாள், அதற்குப் பிறகு பீர் தொடவில்லை. ஒரு மத்தியானம் ஒத்திகை முடிந்து மரவள்ளிக் கீரை சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அப்போது சொன்னாள்.

“ஞாயித்துக்கிழமை சபையில சாட்சி சொல்லப்போறேன். எல்லாத்தையும் விட்டுட்டேன். பாடுனது எல்லாமே சாத்தானோட பாட்டுன்னு நானே வாயால சொல்லணும். உடுப்பு, கேசட்டு எல்லாத்தையும் அங்கேயே கொளுத்துறாங்க. ரேடியோவுலயும் போடாதீங்கன்னு கேக்கப்போறேன்.”

கிட்டார்காரன் மவுங்கு எப்போதும் விளையாட்டுப் பேச்சுதான். “அக்கா, சாத்தான்கிட்ட நமக்கு எத்தனை வருஷ சர்வீஸு. திடுதிப்புனு வேலைய விட்டா எப்படி? பென்ஷனாச்சும் கேளுங்க” என்றான். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று மவுங்கு உங்களிடம் சொல்லியிருப்பான். உண்மைதான்.

மற்றவர்கள் போன பிறகு கேட்டேன். “சபையில நீங்க பாடுவீங்க. நான் என்ன பண்றது அக்கா?”

என் தலையில் தட்டினாள். அன்பாகத்தான் தட்டினாள். “அங்க கூப்பிடறது ஒரே ஒரு பேருதான்டா. அதுக்குக் கூவ ஆளு வேண்டாம். நீயும் ஓய்வெடு. எத்தனை பேரோட பேரைக் கத்தியிருப்ப. போதும்.”

ஒரு பாட்டு பாதியில் நின்றிருந்தது. அவள் குரலைப் பதிந்தாகிவிட்டது, கிட்டாரும் டிரம்மும் பதிந்தாகிவிட்டது. வியாழக்கிழமை மத்தியானம் நான் போய்க் கூவினால் முடிந்துவிடும். அவள் அவ்வளவு நன்றாகப் பாடி நான் கேட்டதில்லை. களைப்பே குரலாக வந்திருந்தது. அதையும் வேண்டாம் என்றாள்.

“ஸ்டூடியோவுக்குப் போகாத. அந்தப் பாட்டும் நெருப்புக்குத்தான்.”

எனக்குக் கோபம் வந்தது. மறைக்கவில்லை. ஆனால் கோபத்தில் எதையும் செய்யவில்லை. வீட்டுக்குப் போய்த் தூங்கினேன், எழுந்தேன், முகம் சவரம் செய்தேன். யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமை அவள் வாயாலேயே அவளை அழித்துக்கொள்வாள். இந்த ஊர் ஆடிய ஆட்டத்துக்கெல்லாம் மன்னிப்புக் கேட்பாள். அதை அவள் செய்யக் கூடாது என்று நினைத்தேன். அவளுக்காகத்தான் நினைத்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம், நாங்கள் வாசிக்கும் ‘மூன்று பனை’ பாருக்கு வந்தாள். மேடைக்குப் பின்னால் இருக்கும் உடுப்பு அறையிலிருந்து கொளுத்துவதற்காகத் துணிகளை எடுக்க வந்தாள். பகலில் பார் பூட்டியிருக்கும், சாவி என்னிடம் இருந்தது. எனக்காகக் கருவாட்டுக் குழம்பும், இலையில் கட்டிய மரவள்ளிக் களியும் கொண்டுவந்திருந்தாள். நான் கோபமாக இருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். சேர்ந்து சாப்பிட்டோம். நன்றாக இருந்தது, உப்பு சரியாக அலசியிருந்தாள்.

முழங்கால் மாத்திரை போட்டிருந்ததால் அவளுக்குக் கண் சொருகியது. துணி மூட்டையின் மேலேயே சாய்ந்துகொண்டாள். மின்சாரம் போய்விட்டிருந்தது.

“காத்தே இல்லடா மபியாலா. ஃபேன் போடேன். கொஞ்ச நேரம் கண்ண மூடுறேன்.”

ஃபேன் ஓட வேண்டும் என்றால் ஜெனரேட்டர் வேண்டும். அது முற்றத்தில் தகரக் கூரைக்குக் கீழே இருக்கும். மழை வரும் போலிருந்தது, மதில் தாண்டி எடுத்துப் போகிறவர்களும் இருக்கிறார்கள். உள்ளே இழுத்துவந்து அவள் அறை வாசலில் வைத்தேன். கொசு வரும் என்று ஜன்னலைச் சாத்தினேன். முற்றத்துக் கதவையும் சாத்தினேன். அறைக் கதவைத் திறந்தேதான் வைத்திருந்தேன், ஒயர் உள்ளே போக வேண்டுமே. கயிற்றை இழுத்ததும் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியது. ஃபேன் சுற்றியது. அவள் கூந்தல் லேசாக ஆடியது. அந்தச் சத்தத்தில் யாராலும் தூங்க முடியாது என்பீர்கள். இரைச்சலில்தான் இருபது வருடம் வாழ்ந்தோம், எங்களுக்கு மௌனம்தான் தூக்கத்தைக் கெடுக்கும்.

பிறகு டப்பாவை எடுத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனேன்.

இருட்டும் நேரத்தில் பார்க்காரர் வந்து திறந்து பார்த்தார். சோலாவுக்கு நடந்த அதே விபத்து என்று எல்லோரும் சொன்னார்கள். திருடன் பயத்தில் அவளே உள்ளே இழுத்து வைத்திருக்கிறாள் என்றார்கள். நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவளுடைய துக்க வீட்டை நீங்கள் பார்த்தீர்கள். தெருவை மறித்துப் பந்தல் போட்டார்கள். பெண்கள் அழுதுகொண்டே அலசினார்கள். சவப்பெட்டியைத் தூக்கியவர்கள் தலையை அசைக்காமல் இடுப்பை மட்டும் ஆட்டிக்கொண்டு நடந்தார்கள். சபையிலிருந்து போதகரும் வந்திருந்தார். சாத்தான் என்ற வார்த்தையை அவர் எடுக்கவில்லை. நான் தொண்டை கிழியக் கூவினேன். கண்ணீரும் வந்தது. அது நடிப்பு இல்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. அவள் போனதில் எனக்குத்தான் அதிக நஷ்டம்.

அந்தப் பாட்டின் கேசட் வெளியே வந்த பிறகு அது ஓடாத டாக்ஸி இந்த ஊரில் இல்லை. உறையில் முதல் தடவையாக என் பெயரும் அச்சாகியிருந்தது. நான் கேட்கவில்லை, அவர்களாகவே போட்டார்கள். எழுத்து சின்னதுதான்.

பிறகு உங்கள் தங்கை மகளின் கல்யாணம். நாங்கள் வாசித்தோம், நீங்கள் ஆடினீர்கள். வாத்தியங்களை இறக்கி வைத்த பிறகு கேசட்டைப் போட்டார்கள். டிரம் நின்றது, என் டப்பா குலுங்கியது: கடிமா, சோலா, பிலோண்டா. கூட்டமே கையைத் தூக்கி அழுதது. நீங்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டு மவுங்குவிடம் போனீர்கள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

“என்னமா கூவியிருக்கான்யா. இத எப்ப பதிஞ்சீங்க?”

“அக்கா போன அன்னிக்கு மத்தியானம்தான் ஐயா வேலை முடிஞ்சிது. அதுக்கப்புறம் ஒருத்தரும் ஸ்டூடியோ பக்கமே போகல, மனசு வரல” என்றான் மவுங்கு. கள்ளமில்லாதவன்.

நீங்கள் தலையாட்டிவிட்டுப் போய்த் தனியாக உட்கார்ந்தீர்கள். ஆடத் தெரிந்த மனிதர், அந்த இடத்தில் யார் பெயர் விழும் என்று உங்களுக்குத் தெரியும். சாயங்காலம் கண்டெடுத்த பிணத்தை மத்தியானமே கூவியிருக்கிறான் என்று புரிந்திருக்கும். நான் ஓடவில்லை. எனக்கும் களைப்பாக இருந்தது.

வாய் தவறி வந்துவிட்டதா என்று கேட்கிறீர்கள். அப்படியே எழுதிக்கொள்ளச் சொல்லலாம்தான். தாளம் ஓடும்போது நாக்கு நம் பேச்சைக் கேட்காது, எந்தக் கூவுகிறவனும் சாட்சி சொல்வான். முதல் தடவை உண்மையிலேயே அப்படித்தான் வந்தது. சோலா என்று கூவிய வாய் நிற்கவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் கையைத் தூக்கினார். அவர் மீட்டர் முள்ளைப் பார்ப்பவர், பெயரைக் கேட்பவர் இல்லை. “கடைசிப் பேரு முந்திக்கிச்சு மபியாலா. சோலாவுக்கப்புறம் ஒரு மூச்சு விட்டுட்டுச் சொல்லு. இன்னொரு வாட்டி போலாமா?” என்றார்.

ஸ்டூடியோவிலிருந்து பார் நடந்து போகிற தூரம்தான், ஓடினால் இன்னும் சீக்கிரம். சோலாவுக்கு விடியும் வரை மூச்சு இருந்தது என்று மருத்துவர் சொன்னது நினைவுக்கு வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே போயிருக்கலாம். அந்தப் பெயரை விட்டுவிட்டும் கூவியிருக்கலாம்.

நான் அவர் சொன்னதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். பெயர் முந்திவிட்டது. சரிதான், முந்திவிட்டது.

கொஞ்சம் வெந்நீர் குடித்துவிட்டு டப்பாவைக் கையில் எடுத்தேன். சோலாவுக்குப் பிறகு ஒரு மூச்சு விட்டேன். இரண்டாவது தடவை பெயர் சரியான இடத்தில் விழுந்தது. கல்யாணத்தில் நீங்கள் அழுதது அதற்குத்தான். நன்றாக வந்திருக்கிறது, இல்லையா.