கயானாவுக்கு இரண்டு குடம்

கப்பல் பயணி தன் சாமான்களின் பட்டியலைப் பதினைந்து நாள் முன்பே தபாலில் சேர்த்துவிட வேண்டும் என்பது விதி. பரமக்குடி தபாலாபீஸ் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அண்ணனும் தங்கையும் முதல் வரியைத் தாண்டவில்லை. தங்கையின் புருஷன் பிரிட்டிஷ் கயானாவில் கம்பவுண்டர்.

“ரெண்டு குடம்னு எழுதுண்ணே.”

“குடத்தோடயா கப்பல் ஏறுவ? இன்னைக்குத்தான் கடைசி நாளு. துணிமணியச் சொல்லு, பாக்கியம்.”

“அங்கன நல்ல தண்ணி எம்புட்டுத் தூரம்னு கேட்டு எழுதி மூணு மாசமாச்சு. அது தெரியாம நான் கப்பலேற மாட்டேன்.”

“ஏத்தா, அது கடக்கரை நாடு!”

“நமக்குந்தான் கடல் கெடக்கு. மொண்டு குடிக்கிறமாக்கும்?”

ஜன்னலை அடைந்ததும் குமாஸ்தா அவர்கள் பெயருக்கு வந்திருந்த ஒரு வெளிநாட்டுக் கடிதத்தை நீட்டினார். அண்ணன் உரக்கப் படித்தார்.

“‘படியிறங்கினால் நல்ல தண்ணீர்தான். மழைக்குப் பயந்து வீட்டையே தூண்மேல் கட்டியிருக்கிறார்கள். உனக்கு நீச்சல் தெரியுமா?’”

பாக்கியம் பட்டியலின் முதல் வரியைத் தொட்டுக் காட்டினாள்.

“கம்மாயில குடத்தக் கவுத்துப் புடிச்சு மெதந்திருக்கேன். எழுதுண்ணே, ரெண்டு குடம். அவருக்கு ஒண்ணு.”