தாங்கி இல்லாத பெட்டி

அந்தப் பெட்டிக்கான மரத்தை எங்கே வாங்கினேன் என்பதில் எனக்கு இப்போது கொஞ்சம் குழப்பம் இருக்கிறது. இடித்துப்போட்ட ஒரு பழைய வீட்டின் கதவுகளிலிருந்து எடுத்ததாகத்தான் இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று யோசித்தபோது, மரக்கடையின் மூலையில் கிடந்த பலகைகள் அவை என்று தோன்றியது. கதவுகள் வேறு ஏதோ வேலைக்கு வந்தவையாக இருக்கலாம். இரண்டு பலகையை ஒட்டி நன்றாக இழைத்துவிட்டால் ஒட்டு எங்கே என்று செய்தவனுக்கே தெரியாமல் போவதுண்டு. நான் சொல்வதில் அப்படி ஏதாவது முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கை சம்பந்தப்பட்ட இடம் மட்டும் தெளிவாக இருக்கிறது.

நான் தச்சு வேலை செய்கிறவன். வீட்டின் முன்னறைதான் பட்டறை. பின்னால் இரண்டு சிறிய அறைகளும் ஒரு சமையலறையும். அம்மா போன பிறகு அங்கே நானும் தங்கையும்தான். எங்களுக்குள் வயது வித்தியாசம் அதிகம். பள்ளிக்கூடத்திலிருந்து அவளைக் கூட்டிவரப் போனால் வாசலில் நிற்பவர்கள் என்னை அவளுடைய அப்பா என்று நினைப்பார்கள். நான் திருத்தியதில்லை.

அவள் பல் செட் செய்கிறவள். மருத்துவர் அச்செடுத்து அனுப்புவார், இவள் மெழுகில் ஒவ்வொரு பல்லாகச் செதுக்குவாள். கடைவாய்ப் பல்லின் மேல் பள்ளமும் மேடுமாக இருக்குமே, அதைக்கூட அப்படியே கொண்டுவந்துவிடுவாள். பென்சில் பிடிப்பது போலத்தான் அந்தச் சின்னக் கத்தியைப் பிடிப்பாள். ஆனால் அசைவது விரல் நுனி மட்டும். பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

“நீ செய்யற நாற்காலியில ஊரே உக்காருது. நான் செய்யறத வெச்சு ஊரே மெல்லுது. யாரு பெரியாளு சொல்லு?” என்று கேட்பாள்.

எங்கள் வீட்டில் பேச்சு என்றால் அவள் பேசுவதுதான். சாப்பிட்ட பிறகு நான் பட்டறையில் உளிகளைத் தீட்டிக்கொண்டிருப்பேன். அவள் பின்னறையில் வானொலியைத் தாழ்வாக வைத்து மெழுகு சுரண்டிக்கொண்டிருப்பாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் இருக்கும்போது பேசாமலிருப்பது ஒரு சுகம். அதைச் சுகம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள்.

“அண்ணா, எனக்கு நெட்டை இருக்கற எடத்துலயே வேலை கெடச்சிடுச்சு.”

நெட்டை என்பது அவளோடு முன்பு வேலை செய்த பெண். உயரமானவள். பெரிய நகரத்துக்குப் போய்விட்டிருந்தாள்.

“அவ்வளவு தூரமா? தனியா எப்படி இருப்பே?”

“தனியா எங்க? நெட்டையும் நானும் ஒரே ரூம். அவ விடற கொறட்டைக்கு பத்து பேரு கூட இருக்கற மாதிரி இருக்கும்.”

“எப்ப முடிவு பண்ணுனே?”

“உங்கிட்ட சொல்லாம முடிவு பண்ணுவனா? இதோ சொல்றேன்ல.” தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பிறகு நிமிர்ந்து, “அந்த ரூம்ல ஒரு அலமாரிகூட இல்லையாம். பெருசா ஒரு பெட்டி செஞ்சு குடுண்ணா. போர்வை, துணி, என் சாமான் எல்லாம் அதுலயே போட்டுக்கறேன்.”

“பேசாம என்னையும் அதுல போட்டுத் தூக்கிட்டுப் போ.”

“உன்னைப் போட்டா காலு வெளிய நீட்டிக்கும். பஸ்காரன் அதுக்கு வேற டிக்கெட் கேப்பான்.”

இருவரும் சிரித்தோம். எனக்குக் கோபம் வரவில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். அவள் முன்னேற வேண்டும் என்று நினைத்தவன் நான். அந்தத் தொழிலைப் படிக்க அனுப்பியதே நான்தான்.

பெட்டியை நன்றாகச் செய்தேன். மூலைகளில் ஆணி கிடையாது. ஒரு பலகையின் பல் இன்னொரு பலகையின் இடுக்கில் போய் உட்காரும்படி வெட்டிச் சேர்த்தேன். உள்ளே ஓர் ஓரத்தில் அவளுடைய கத்திகளுக்கென்று தட்டு வைத்தேன். பூச்சி வராத மரமாகப் பார்த்து அடிப்பலகை போட்டேன். மூடிக்கு மட்டும் கனமான பலகை எடுத்தேன். கனமான மூடி படிந்து மூடும், தூசி போகாது. வழக்கமாக மூடியின் முன்விளிம்பையும் அது வந்து உட்காரும் பெட்டியின் விளிம்பையும் உப்புத்தாள் போட்டு உருட்டிவிடுவோம். இதில் உருட்டவில்லை. கூராக நின்றால் பார்க்க எடுப்பாக இருக்கும் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கீல் வாங்கப் போனேன். அந்தக் கடைக்காரன் என்னை நெடுங்காலமாக அறிந்தவன், வாய் சும்மா இருக்காது.

“என்னண்ணே, இவ்வளவு பெரிய கீலு? பெட்டியா, கப்பலா?”

“தங்கச்சிக்கு.”

“அப்ப கப்பலேதான். சரி, மூடிக்குத் தாங்கி?”

தாங்கி என்பது ஒரு மடங்கும் கம்பி. பக்கப்பலகையிலும் மூடியிலும் பொருத்தினால், திறந்த மூடி தானாக விழாமல் பிடித்து நிறுத்தும். சின்னச் சாமான். கனமான மூடி போட்ட பெட்டியை அது இல்லாமல் எந்தத் தச்சனும் வெளியே விடமாட்டான்.

“வீட்ல இருக்கு” என்றேன்.

வீட்டில் இல்லை.

அந்த இடத்தில் நான் என்ன நினைத்தேன் என்று கேட்பீர்கள். எதையும் நினைக்கவில்லை என்பதுதான் உண்மைக்கு நெருக்கமாக இருக்கும். வாய் சொன்னது, கால் நடந்தது. வீடு வந்து கீலைப் பொருத்தினேன். பின்பக்கம் ஒரு மரச்சட்டம் அடித்தேன். அது இருந்தால் மூடி பின்னால் சாயாது, நேராக நிற்கும் வரைதான் திறக்கும். நேராக நிற்கும் மூடி எந்த நேரமும் முன்னால் விழலாம். இதை யோசித்துத்தான் செய்தேன். சட்டத்தை இரண்டு முறை இழைத்து அளவு சரிபார்த்தேன்.

அவள் வேலைக்குப் போயிருந்தபோது, அவளுடைய மெழுகுக் குச்சி ஒன்றை எடுத்துவந்து விளிம்பில் வைத்து மூடியை விட்டுப் பார்த்தேன். துண்டாகவில்லை. நசுங்கி மூடியோடு ஒட்டிக்கொண்டது. துணியால் துடைத்தேன். மெழுகு போவதற்கு நேரம் பிடித்தது.

பெட்டியைப் பார்த்ததும் அவள் தட்டிப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள், உள்ளே தலையை விட்டு “ஓய்” என்று கத்திப் பார்த்தாள்.

“என் கல்யாணத்துக்குக்கூட நீ இப்படிச் செய்ய மாட்டேண்ணா.”

“யாருக்குக் கல்யாணம்?”

“பயப்படாத, இப்ப இல்ல.” மூடியைத் தூக்கி நிறுத்தினாள். “கம்பி ஒண்ணு வெப்பியே இதுக்கு?”

“கடையில தீந்துபோச்சாம். வந்ததும் வெச்சுக் குடுக்கறேன்.”

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மூடி விழவில்லை. அவள் போர்வைகளை அடுக்கினாள், துணிகளைத் திணித்தாள், பெட்டியை இடுப்பால் இடித்துத் தள்ளினாள். மூடி நின்றது. கீலை நான் அவ்வளவு இறுக்கமாகப் பொருத்தியிருந்தேன், எல்லாம் நூல் பிடித்த மாதிரி நின்றது. கெட்ட வேலை செய்ய எனக்கு வராது. ஒவ்வொரு தடவை அவள் குனியும்போதும் நான் உளியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தேன். அவள் நிமிர்ந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரிப்பாள். அப்போதெல்லாம் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. நிம்மதி வந்த கையோடு வேறு ஒன்றும் வரும். அதற்கு எனக்கு வார்த்தை தெரியவில்லை.

அவள் கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம். பக்கத்து வீட்டு அக்கா வழிச் சாப்பாட்டுக்கு ஏதோ செய்து கொண்டுவந்திருந்தாள், வாசல்படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். பெட்டி பட்டறையின் நடுவில் இருந்தது. நான் அதன் பின்பக்கம் நின்றிருந்தேன். தங்கை கத்திகளைத் தட்டில் வைப்பதற்காகக் குனிந்தாள். இடது கை உள்ளே. வலது கை முன்விளிம்பைப் பிடித்திருந்தது, நான்கு விரல்கள் உள்பக்கம் மடங்கி, கட்டை விரல் வெளியே. மூடி நேராக நின்றுகொண்டிருந்தது.

அவள் அக்காவிடம் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். என்ன என்பது ஞாபகமில்லை.

நான் மூடியைத் தள்ளினேன். இரண்டு விரல் போதுமாக இருந்தது.

பிறகு நானே மூடியைத் தூக்கினேன், நானே துணி சுற்றினேன், நானே அவளை ஆட்டோவில் ஏற்றினேன். என் கை மூடியின் மேல் இருந்ததை அக்கா பார்த்திருக்கிறாள். ஆனால் மருத்துவமனையில் எல்லோரிடமும் அவள் சொன்னது வேறு. “பாவம், புடிக்கத்தான் பாத்தாரு. கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள விழுந்துடுச்சு. இவரு மட்டும் கை நீட்டலைன்னா வெரலே போயிருக்கும்.” அவள் சொல்லச் சொல்ல எனக்கும் அப்படித்தான் நடந்தது போலத் தோன்ற ஆரம்பித்தது. சில நாட்களில் இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது.

விரல்கள் போகவில்லை. உள்ளே கம்பி வைத்துச் சேர்த்தார்கள். ஆனால் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இனி மடங்காது என்றார் மருத்துவர். நுண்ணிய வேலை ஏதாவது செய்கிறவரா என்று கேட்டார். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “ஆமாம்” என்று நான்தான் சொன்னேன்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நான் சோறு பிசைந்து கொடுத்தேன். தலை வாரிப் பின்னிவிட்டேன், சின்ன வயதில் செய்தது கைக்கு மறக்கவில்லை. தெருவில் என்னைப் பார்க்கிறவர்கள் மரியாதையாகப் பேசினார்கள். இரவில் சுவருக்கு அந்தப் பக்கம் வானொலி கேட்டது. மெழுகு சுரண்டும் சத்தம் மட்டும் இல்லை. அது பழகிவிடும் என்று நினைத்தேன்.

கட்டுப் பிரித்த பிறகு ஒருநாள் அவள் தனியாக வெளியே போய்வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் பட்டறைக்குள் வந்து நின்றாள்.

“கீல் கடைக்குப் போயிருந்தேன்.”

நான் இழைத்துக்கொண்டிருந்தேன்.

“தாங்கி வந்துடுச்சான்னு கேட்டேன். எப்பம்மா தீந்துச்சு, அன்னிக்கே உங்கண்ணன் வீட்ல இருக்குன்னு சொல்லிட்டாரேங்கறான்.”

மரச்சுருள்கள் விழுந்துகொண்டிருந்தன.

“வீட்ல இருக்காண்ணா?”

நான் பலகையைத் திருப்பிப் போட்டேன்.

“மறந்துட்டேன்னு சொல்லு. நான் நம்பறேன்.”

வாசலில் சைக்கிள்கள் போயின. யாரோ மணியடித்தார்கள். அவள் நின்றுகொண்டே இருந்தாள். மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை. அவள் கேட்டதும் அதைத்தான். ஆனால் என் வேலையில் நான் எதையும் மறந்தவனில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அவளிடம் போய் என்னை மறதிக்காரன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

“சரி” என்றாள் கடைசியில். அழவில்லை. பக்கத்து வீட்டு அக்காவிடமும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன், அக்கா இன்றுவரை எனக்குக் குழம்பு கொடுத்தனுப்புகிறாள்.

மறுநாளிலிருந்து இடது கையால் சாப்பிட்டாள். இறைத்துக்கொண்டுதான் சாப்பிட்டாள், நான் உதவப் போனால் தட்டை நகர்த்திக்கொண்டாள். தலையை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்தாள். பிறகு ஒரு காலையில் துணிப்பையோடு முன்னறைக்கு வந்தாள். நான் பெட்டியைப் பார்த்தேன்.

“அது இங்கயே இருக்கட்டும்” என்றாள்.

“அது உனக்குச் செஞ்சது.”

“தெரியும்.”

அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

மற்றவர்களைப் பற்றிக் கேட்டீர்கள். கீல் கடைக்காரன் கடையை மகனிடம் விட்டுவிட்டு மகள் வீட்டில் இருக்கிறான். நெட்டைக்குக் கல்யாணமாகிவிட்டது, வேறு வீடு போய்விட்டாள். தங்கை அதே நகரத்தில், அதே அறையில், தனியாக இருக்கிறாள். பல் செய்வதில்லை. அதே இடத்தில், மருத்துவர்களிடமிருந்து வரும் அச்சுகளைப் பிரித்து வைக்கும் வேலை கொடுத்திருக்கிறார்களாம். நான் எழுதிய எதற்கும் பதில் வரவில்லை. தொலைபேசியில் என் குரல் கேட்டால் வைத்துவிடுகிறாள். நான் பட்டறையை மூடிவிட்டேன். பெட்டி பின்னறையில், அவள் கட்டில் இருந்த இடத்தில் இருக்கிறது.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். யாரும் என்னைத் தேடி வரவில்லை, நானாகத்தான் இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன் என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரு மனிதன் தானாக வந்து சொல்கிறான் என்பதற்காக நீங்கள் அப்படியே நம்பிவிடக் கூடாது. பாதிக்கப்பட்டவளைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். தபாலில் கேட்டால் போதாது, நேரில் வரச் சொல்ல வேண்டும், அதுதானே முறை. எந்தத் தேதி என்று மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள். யாரையாவது என்னோடு அனுப்புங்கள், பேருந்து நிலையத்துக்கு நானே போகிறேன். அந்தக் கையை வைத்துக்கொண்டு அவளால் பை தூக்க முடியாது.