தலையை எண்ணாதீங்க

இல்லைங்க டீச்சர், நாற்காலி வேண்டாம். இந்தக் கம்பி வேலிக்கு வெளியிலயே நின்னுக்கிறேன். மணி அடிச்சு நீங்க பிள்ளைங்களை உள்ள கூட்டிட்டுப் போனதும் கிளம்பிடுவேன். முதல் நாள் எல்லா அம்மாவும் இப்படித்தான் நிப்பாங்கன்னு சிரிக்கிறீங்க. சிரிங்க. ஆனா முகத்தை இந்தப் பக்கம் திருப்ப வேண்டாம், அங்க பாத்துக்கிட்டே கேளுங்க. மஞ்சள் ரிப்பன் கட்டினவதான் என் சின்னவ. மணல்ல குழி தோண்டுறா பாருங்க, தன்பாட்டுக்கு.

ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்காதீங்க. நீங்களும் அந்த இன்னொரு டீச்சரும் ஒரே மரத்து நிழல்ல நிக்கிறீங்க. வெயில் சுடுதுதான், மறுக்கல. ஆனா நாலு கண்ணு ஒரே இடத்துல நின்னா அது ரெண்டு கண்ணுதான். அவங்க சறுக்குமரத்துகிட்ட நிக்கட்டும். நீங்க கொஞ்சம் இப்படித் தள்ளி வாங்க. ஆங். இப்போ கட்டடத்துக்குப் பின்பக்கம் தெரியுதா?

கோழி மிதிச்சுக் குஞ்சு சாகாதுன்னு சொல்வாங்க. சரிதான். குஞ்சு போறது கோழி குனிஞ்சே மேயுறப்போ. நல்ல கோழி ஒரு கொத்து கொத்தும், ஒரு தடவை வானத்தைப் பாக்கும். மேய வேண்டாம்னு யாருங்க சொன்னா? வானத்தை மறக்காம மேயணும். பிள்ளைங்க ஓடட்டும், விழட்டும், முட்டி சிராய்க்கட்டும். கையைப் பிடிச்சு உக்கார வைக்கிறது காவல் இல்ல, சிறை. கத்துற பிள்ளையைப் பத்திக் கவலையே வேண்டாம். சத்தம் எங்க நின்னுபோச்சோ, அங்க போங்க.

எண்ணுவீங்களா? நல்ல பழக்கம். ஆனா தலையை எண்ணாதீங்க டீச்சர். பேரைச் சொல்லி, முகத்தைப் பாத்து உள்ள விடுங்க.

ஏன்னா, இவளுக்கு ஒரு அக்கா இருந்தா. இங்க இல்ல, வேற ஸ்கூல். அன்னைக்கு அவளோட இருமல் மருந்தைக் கொடுத்துவிட மறந்துட்டேன். கொண்டுபோய் ஆபீஸ்ல கொடுத்துக்கிட்டு நிக்கிறேன், இவ இடுப்புலேருந்து இறங்கி நழுவிட்டா. நேரா விளையாடுற இடத்துக்கு. அந்த நேரம் மணி அடிச்சது. பிள்ளைங்க ரயில் மாதிரி ஒருத்தர் சட்டையை ஒருத்தர் பிடிச்சு நிக்க, அந்த டீச்சர் தலையைத் தொட்டுத் தொட்டு எண்ணினாங்க. சோம்பேறின்னு சொல்ல மாட்டேன், பாவம், ரெண்டு தடவை எண்ணினாங்க. கணக்கு சரியா இருந்தது. உள்ள கூட்டிட்டுப் போய்க் கதவைச் சாத்திட்டாங்க.

இவளைத் தேடிக்கிட்டு நான் வகுப்புக்குப் போறேன். அக்கா இடத்துல சம்மணம் போட்டு உக்காந்து, அக்காவோட டப்பாவைத் திறந்து வச்சுத் தின்னுக்கிட்டு இருக்கா. பெரிய மனுஷி வந்துட்டாங்க, இனிமே அக்காவுக்கு லீவுதான்னு ஆயாம்மா கேலி பண்ணாங்க. எல்லாரும் சிரிச்சோம். நானும் வயிறு வலிக்கச் சிரிச்சேன். அப்புறம்தான் ஒவ்வொரு முகமா சிரிப்பு நின்னுச்சு.

கட்டடத்துக்குப் பின்னாடி தரையோட தரையா தண்ணித் தொட்டி. பெரியவ அங்க ஒளிஞ்சு விளையாடப் போயிருக்கா. மூடி ஒரு ஓரமா நகந்து கிடந்தது.

என்னைப் பாக்காதீங்க டீச்சர். அங்க பாருங்க.

மணி அடிச்சுட்டாங்க, போங்க. இவளை இவ பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க, உங்களுக்குப் புண்ணியமா போகும். வீட்டுல என் வாய்ல அக்கா பேர்தான் வருது. இவளும் ஏன்னு கேக்காம வந்து நிக்கிறா.