குறுக்கு விசாரணைக்கு ஒரு ஒத்திகை

— ஆமா, தெரியாமத்தான் கேக்குறேன், அந்தப் படுபாவி பக்கம் நின்னு பேசவாடி உன்னை இவ்வளவு படிக்க வெச்சேன்?

— அக்கா, அவன் நிஜ ஆளே இல்லை. சட்டக் கல்லூரி வாதப் போட்டிக்காக எங்க பேராசிரியர் கற்பனையா எழுதின வழக்கு. இல்லாத நாடு, இல்லாத தளபதி. சீட்டுக் குலுக்கினாங்க, எனக்கு அவனுக்கு வக்கீலா நிக்கணும்னு வந்துச்சு.

— வேற யார்கிட்டயாவது தள்ளி விட்டிருக்கலாமே.

— கேட்டுப் பார்த்தேன். 'சர்வதேசக் குற்றவியல் சட்டம் படிக்க வந்துட்டு ஒரு பக்கத்தை மட்டும் படிப்பேன்னா எப்படிம்மா? அவனுக்கும் வக்கீல் இருந்தாத்தான் அது நீதிமன்றம்'னுட்டார்.

— என்னத்த நீதிமன்றமோ. அந்த வெந்நீர் வாளியை இப்படித் தள்ளு. நாளெல்லாம் ஆஸ்பத்திரி சலவை மெஷின் முன்னாடி நின்னு கால் ரெண்டும் பூசணிக்காய் ஆயிடுச்சு. ம்... சொல்லு, நான் என்ன பண்ணணும்?

— நீதான் சாட்சி. பள்ளிக்கூடத்துல இருந்த ஆம்பளைங்களை ராணுவம் லாரியில ஏத்திட்டுப் போனதைப் பார்த்த பொண்ணு. எல்லாம் இந்தத் தாள்ல இருக்கு. நான் குறுக்கு விசாரணை பண்ணுவேன்.

— இது நம்ம கதை மாதிரியே இருக்கே, குட்டி.

— எந்த நாட்டு வழக்கை எடுத்தாலும் இப்படி ஒரு பள்ளிக்கூடம் வருதுக்கா. கஷ்டமா இருந்தா விடு, வகுப்புல யாரையாவது கூப்பிட்டுக்கிறேன்.

— விடு விடு. உன் அத்தானுக்காகத்தானே நீ இந்தப் படிப்பையே எடுத்த. கேளு.

— சரி. சாட்சி அவர்களே, நீங்க அன்னைக்கு எங்க நின்னீங்க?

— அடேயப்பா! பொறந்ததுல இருந்து இன்னைக்குத்தான் எனக்கு 'நீங்க' போட்டிருக்க.

— அக்கா, சிரிக்காதே. பதில் சொல்லு.

— பள்ளிக்கூட வாசல்ல. பொம்பளைங்க எல்லாரையும் கம்பிக்கு வெளிய நிறுத்திட்டாங்க.

— உங்க கணவர் அந்த லாரியிலதான் உயிரோட போனார்னு எப்படிச் சொல்றீங்க?

— கை ஆட்டினாரே.

— அது இந்தத் தாள்ல இல்லைக்கா.

— தாள் கிடக்கட்டும். எனக்குத் தெரிஞ்சதைக் கேளு. நாளைக்கு நிஜ சாட்சி மாதிரி ஒருத்தி வந்து நின்னா முழிப்பியா? எங்கிட்டயே தடுமாறினா அங்க என்னத்தக் கிழிப்ப?

— சரி. முகத்தைப் பார்த்தீங்களா?

— முகம் எங்க தெரிஞ்சது? லாரியைச் சுத்தி தார்ப்பாய். பின்பக்கம் அது கொஞ்சம் விலகி, ஒரு கை மட்டும் வெளிய வந்துச்சு. முழங்கை வரைக்கும் சட்டையை மடிச்சு விட்ட கை. ஆடுச்சு. வந்துடுவேன்னு சொல்ற மாதிரி. அதை நம்பித்தானேடி பதினாறு வருஷமா உக்காந்திருக்கேன்.

— அந்த லாரியில வேற யார் யார் இருந்தாங்க?

— அவரோட சேர்த்து ஊர் ஆம்பளைங்க. பின்னாடி ஓரத்துல துப்பாக்கியோட ரெண்டு சிப்பாய்ங்க.

— ஏத்துறதுக்கு முன்னாடி சிப்பாய்ங்க என்ன செஞ்சாங்க?

— வரிசையில நிக்க வெச்சாங்க. வாலிபால் நெட்டை அறுத்து, அந்தக் கயிறால ஒவ்வொருத்தரையா கட்டினாங்க.

— எதைக் கட்டினாங்க?

— கையை.

— முன்னாடி வெச்சா, பின்னாடி வெச்சா?

— பின்னாடிதான். உன் அத்தான் கடைசி ஆள். கயிறு பத்தலைன்னு அவர் இடுப்பு பெல்ட்டையே உருவிக் கட்டினாங்க. பேன்ட் நழுவுதுன்னு நெளிஞ்சுக்கிட்டே ஏறினார், பாவம்.

— அப்படின்னா அந்தக் கை...

— ம், கேளு. அந்தக் கை?

— ஒண்ணுமில்லைக்கா. போதும். நாளைக்கு இது போதும்.

— எதுக்குத் தாளை மடிக்கிற? என்ன கேக்க வந்த?

— ஒண்ணுமே இல்லை. தண்ணி ஆறியிருக்கும், காலை எடு. துண்டு கொண்டு வர்றேன்.

— உக்காருடி. பின்னாடி வெச்சுத்தான் கட்டினாங்க. நான் பார்த்தேன். பெல்ட் பக்கிளை இறுக்கும்போது அவர் பல்லைக் கடிச்சதையும் பார்த்தேன்.

— அக்கா, தப்பு என்மேலதான். கேள்வி கேக்குற வேகத்துல எங்கயோ போயிட்டேன். ஒருவேளை லாரிக்குள்ள அவிழ்த்து விட்டிருக்கலாம்...

— ஏறின உடனே வண்டியை எடுத்துட்டாங்க, குட்டி.

— பெல்ட் தளர்ந்திருக்கலாம்.

— நீ எந்தப் பக்கத்து வக்கீல்டி இப்போ?

— எனக்கு இந்தப் போட்டியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நாளைக்குக் காலையில போய்ப் பேரை அடிச்சுட்டு வந்துடுறேன்.

— பைத்தியமா நீ? போய்ப் பேசு. நல்லாத்தான் கேக்குற. இத்தனை வருஷத்துல இதை எங்கிட்ட யாருமே கேக்கலை. நானும் கேட்டுக்கலை. லாரி ஓரத்துல உக்காந்திருந்தது அந்தச் சிப்பாய்ங்கதானே.

— அக்கா... என்னைப் பாரு.

— அந்தக் கைக்கு நானும் கை ஆட்டினேன்டி. லாரி மறையற வரைக்கும் ஆட்டினேன். அழுதா அவர் பயந்துடுவார்னு, சிரிச்சுக்கிட்டே ஆட்டினேன்.