மூணு செகண்டு பொறுமை

— அப்போ எங்க அக்காவுக்கு வண்டி ஓட்டத் தெரியாதுன்னு எழுதணும். அப்படித்தானே மாமா?

— சேச்சே! ‘ஓட்டுநர் கவனக்குறைவு’ன்னு எழுது வாண்டு. மரியாதையா இருக்கும். மெக்கானிக் நீ கையெழுத்துப் போட்டாத்தான் கம்பெனில பைலை மூடுவாங்க.

— அடேங்கப்பா, என்ன மரியாதை! பதினாறு வருஷமா ஸ்கூட்டர் ஓட்டுறா. இப்போ இந்த பேட்டரி வண்டி திடீர்னு பாஞ்சு விழுந்து, கையில கட்டோட உக்காந்து, ‘நான்தான் அதிகமா முறுக்கிட்டேன் போல’ன்னு அழுறா. கட்டின புருஷன் நீங்க பக்கத்துல நின்னு ஆமா ஆமான்னு தலையாட்டுறீங்க.

— வேற எப்படி ஆகும்? மோட்டார்ல கோளாறுன்னா சிவப்பு விளக்கு எரியணும். எரியலயே! கோளாறைக் கண்டுபிடிக்கற புரோகிராமை எழுதினதே நான். எங்கிட்டயே கதை விடாத. ஆமா, வண்டிய என்ன இப்படி அக்குவேறு ஆணிவேறா கழட்டிப் போட்டிருக்க?

— கழட்டினாத்தானே வண்டவாளம் தெரியும்? பாத்து வாங்க, கீழெல்லாம் ஸ்க்ரூ கிடக்கு. இதோ, மோட்டாருக்குப் போற மூணு வயர். எதுல எவ்வளவு கரண்ட் போகுதுன்னு பாக்க ஆளுக்கொரு சென்சார். நடுவுல இருக்கறது அவுட்டு.

— அவுட்டுன்னா?

— கரண்ட் போயிட்டே இருக்கு, இது ‘ஒண்ணுமே வரல’ன்னு புளுகுது. மோட்டாருக்குக் கரண்ட் அனுப்பற கன்ட்ரோலரும் அதை நம்பி இந்தா பிடி, இந்தா பிடின்னு அள்ளிக் கொடுக்குது. வண்டி பாயாம என்ன செய்யும்?

— அதெப்படி? சென்சார் தப்பாச் சொன்னா மோட்டார் உடனே நிக்கணும். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள.

— வண்டி பதிஞ்சு வச்சிருக்கற லாக்கைப் படிங்க சார். மூணு செகண்டு கழிச்சுத்தான் நின்னிருக்கு. அதுவரைக்கும் உங்க புரோகிராம் கொட்டாவி விட்டுட்டு இருந்துச்சா?

— எங்க, காட்டு. ஆமா, மூணுன்னுதான் இருக்கு.

— ஏன் மூணு? யார் போட்ட கணக்கு?

— நான்தான் மாத்தினேன். போன மாசம். பள்ளத்துல இறங்கினா விளக்கு எரியுது, மழை பெஞ்சா எரியுதுன்னு தினம் நூறு புகார். மேனேஜர் உயிரை எடுத்தாரு. அதான், மூணு செகண்டு பொறுத்துப் பாத்துட்டு விளக்கு எரியட்டும், மோட்டார் நிக்கட்டும்னு...

— ஓஹோ! புகார் நின்னுபோச்சுன்னுதான் மேடையேத்தி ஷீல்டு கொடுத்தாங்களா? நாய் வாயைக் கட்டிட்டு, திருடனே வரலன்னு பெருமை! வெக்கமா இல்ல?

— கத்தாத. எனக்கு மட்டும் வயிறு எரியலயா? அவ கால்ல வேணும்னாலும் விழறேன். ஆனா இது வெளில தெரிஞ்சா என் வேலை போயிடும் வாண்டு. சென்சாரை மாத்திடு, பழைய புரோகிராமைப் போட்டுடு. ஏதோ நம்ம கெட்ட நேரம், நம்ம வீட்டு வண்டிக்கு இப்படி ஆயிடுச்சு. இதோட போகட்டும்.

— நம்ம வண்டிக்கு மட்டும்தானா?

— சத்தியமா. வேற எங்கேருந்தும் ஒரு போன்கூட வரல.

— மாமா, உங்க வீட்டு வண்டி அந்த மூலையில மூடிக் கிடக்கு. இன்னும் கைகூட வைக்கல. இது காலைல வந்த வேற வண்டி, அதே மாடல். ஓட்டினவர் இன்னும் கண்ணு முழிக்கல.